எழும்பூரா, டெல்லியா, லண்டனா: சர்வதேசச் சட்டத்தில் பிஎச்.டி. எங்கே செய்வது?

சட்டம் படித்துவிட்டு ஹைகோர்ட் பக்கம் போகாமல், சர்வதேசச் சட்டத்தையும் காலனி ஆட்சி விட்டுப்போன சிக்கல்களையும் ஆராய்ந்து அதையே கற்பிக்க நினைக்கும் சென்னைப் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை இது: முடிந்தால் லண்டன், இல்லையென்றால் டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.), இரண்டும் அமையாவிட்டால் சென்னை. இந்த வரிசை பாதிதான் சரி.

சென்னையைக் கடைசியில் தள்ளுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1951-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் சர்வதேச, அரசியலமைப்புச் சட்டத்துக்கென ஒரு துறையைத் தொடங்கியவர் சி. எச். அலெக்ஸாண்ட்ரோவிச் என்ற போலந்துக்காரர். சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவில் பிறந்து பிறகு நமக்கு வந்து சேர்ந்தது என்ற கதையை அவர் ஏற்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டு வரை ஆசிய அரசர்களோடு ஐரோப்பியர்கள் சமமானவர்களாகவே ஒப்பந்தம் செய்தார்கள், பிந்தைய நூற்றாண்டின் சட்ட அறிஞர்கள்தான் ஆசியாவை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று வாதிட்டார். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு விவாதத்தின் முன்னோடி வேலை இந்த ஊரில் நடந்திருக்கிறது. நம் சட்டக் கல்லூரிகளில் எத்தனை வகுப்பில் அவர் பெயர் வருகிறது என்று கேட்காதீர்கள்.

சென்னையின் உண்மையான பலம் எழும்பூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கோப்புகள், மாவட்ட ஆவணங்கள், கொச்சி டச்சுக்காரர்களின் பதிவேடுகள்கூட அங்கே உண்டு. ஆய்வுத் தலைப்புகளுக்கும் பஞ்சமில்லை. 1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன ட்ரூரோ கப்பல் புறப்பட்டது மெட்ராஸிலிருந்துதான். கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் 1974 ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆனால் 1921-லேயே மெட்ராஸும் சிலோனும் மீன்பிடி எல்லை பற்றிப் பேசியிருக்கின்றன, ராமநாதபுரம் ஜமீனின் உரிமைக் கோரிக்கை அதற்கும் பழையது. இப்படி ஒரு தலைப்பை எடுப்பவருக்குச் சென்னை கடைசி இடமாக எப்படி இருக்க முடியும்?

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், அங்கிருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்கள் இருக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். மெட்ராஸ் அரசு நடவடிக்கைகளின் பிரதிகள் அங்கே போயின, வசதியும் அங்கேதான் அதிகம். எழும்பூரில் கல்லூரிக் கடிதம், அனுமதி, காத்திருப்பு, தொட்டால் உதிரும் தாள் என்று பொறுமையைச் சோதிக்கும். ஆனால் லண்டன் மேலிடத்துக்குப் போன சுருக்கம் ஒன்று, இங்கே கலெக்டர் ஆபீஸில் தங்கிய கடிதம் வேறொன்று. பாதிக்கப்பட்டவனின் மனு இரண்டாவதில்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், 2023 அக்டோபரில் சைபர் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆன்லைன் கேட்டலாக் பல வாரங்கள் முடங்கிக் கிடந்ததையும் நினைவில் வையுங்கள்.

சரி, சென்னையில் என்ன குறை? பேச ஆள் இல்லை. இந்தத் துறையில் தொடர்ந்து எழுதும் கைடுகள் குறைவு. கம்பெனிச் சட்டம் நடத்துபவரிடம் காலனியம் பற்றிய ஆய்வுக்குக் கையெழுத்து வாங்கும் நிலைமைகூட வரலாம். டெல்லி ஜெயிப்பது இங்கேதான். சர்வதேசச் சட்ட அறிஞர் பி. எஸ். சிம்னி பல ஆண்டுகள் கற்பித்த ஜே.என்.யூ. மையம், 1959-லிருந்து இயங்கும் இந்திய சர்வதேசச் சட்டச் சங்கம், இலங்கை, வங்கதேச மாணவர்களும் பக்கத்தில் உட்காரும் தெற்காசியப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே ஊரில். கச்சத்தீவைப் பற்றி ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையோடு வகுப்பில் சண்டை போட்டால் உங்கள் வாதத்தின் ஓட்டைகள் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பணக் கணக்கு சுருக்கமானது. யு.ஜி.சி.யின் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் இந்தியாவில் எந்த ஊரிலும் மாதம் 37,000 ரூபாய், முதல் இரண்டு வருடம். வீட்டில் தங்கிச் சென்னையில் செய்பவருக்கு அது தாராளம். வெளிநாட்டில் முழு உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி. சேருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். திரும்பி வந்தால் உதவிப் பேராசிரியருக்கான யு.ஜி.சி. அடிப்படைச் சம்பளம் 57,700-இல்தான் ஆரம்பம், அதில் லண்டன் கடனை அடைக்க முடியாது. 

என் வரிசை இது: சட்ட முதுகலைப் படிப்பான எல்.எல்.எம். டெல்லியில், பிஎச்.டி. தலைப்பு தமிழகக் கரையோடு சம்பந்தப்பட்டதென்றால் சென்னையில். கைடு மட்டும் சரியாக அமைய வேண்டும். அவரிடம் பதிவு செய்த மாணவர்களில் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள் என்று துறை அலுவலகத்தில் விசாரியுங்கள், அவர் கடைசியாக எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். இரண்டும் திருப்தியாக இல்லையென்றால் டெல்லிக்கே விண்ணப்பம் போடுங்கள். எழும்பூருக்கு லீவில் வந்து வேலை பார்த்துக்கொள்ளலாம்.