வாங்கனுயி ஆற்றுக் கனூ பயணம்: நம்பிப் போகலாம்

நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றில் வழிகாட்டியோடு கனூ என்னும் துடுப்புப் படகில் போனோம். படகு உறுதி. ஆனால் சாமான் வைக்கத் தந்த பீப்பாயின் மூடி சரியில்லை, அரிசி நனைந்துவிட்டது. சரி, போகட்டும்.

கொடுத்த காசு வழிகாட்டியின் பேச்சுக்கே தகும். அந்தக் கரையில் பிறந்த மாவோரி அவர், அதாவது நியூசிலாந்தின் பூர்வகுடி. மலையிலிருந்து கடல்வரை ஆறு பிரிக்க முடியாத ஒரே உயிர் என்பது அவர்கள் மரபு. 2017இல் நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கி, ஆற்றைச் சட்ட நபராக, அதாவது மனிதரைப் போலவே உரிமைகள் உள்ள ஒன்றாக, ஏற்றது. ஆற்றுக்காகப் பேச இருவர்: ஒருவரை அரசும் மற்றவரை மாவோரி குலங்களும் முன்மொழிகின்றன. அதேசமயம் கரையோரத் தனியார் சொத்துரிமையில் கைவைக்கவில்லை. இந்த இடத்தில் நான் குறுக்குக் கேள்வி கேட்டேன், அவர் சளைக்கவில்லை.

ஆற்றங்கரை டியேக்கேயில் இரவு தங்குமிடம் மாவோரிகளின் மராயேவும்கூட, அதாவது அவர்கள் கூடும் பொதுவிடம். அவர்கள் முறைப்படி வரவேற்கும்வரை வெளியே காத்திருங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.