க்யூலாக்கர் அழித்த படங்களை மீட்டுத் தந்த போட்டோரெக்

2021 ஏப்ரலில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் க்யூலாக்கர் என்ற தீய மென்பொருள் எங்கள் வீட்டு நாஸ் பெட்டிக்குள் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) புகுந்தது. காலையில் பார்த்தால் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் எல்லாம் பாஸ்வேர்டு போட்ட செவன்-ஜிப் என்ற சுருக்கிய கோப்புகளாகக் கிடந்தன. கேட்ட பணம் 0.01 பிட்காயின். ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது போட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். க்யூலாக்கர் பூட்டிய நகலை எழுதிவிட்டு அசலை அழித்துவிடும். அழிந்த கோப்பின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அது டிஸ்கிலேயே இருக்கும். போட்டோரெக் கோப்பின் பெயரையோ ஃபோல்டரையோ தேடுவதில்லை. ஜேபெக் என்ற பட வகை என்றால் அது எந்த பைட்டுகளில் தொடங்கும் என்று பார்த்து, அங்கிருந்து அள்ளி எடுக்கிறது.

பெட்டியை உடனே அணைத்தேன். டிஸ்கை முழுசாக நகலெடுத்த பிறகே, லினக்ஸ் கணினியில் காலி இடத்தை மட்டும் தேடச் சொல்லி ஓட விட்டேன். இரண்டு இரவு ஓடியது. மீட்பவை வேறு டிஸ்கில்தான் விழ வேண்டும், இதில் மட்டும் தவறிவிடாதீர்கள்.

குறை ஒன்று, பெரியதுதான்: ஒரு பெயரும் திரும்பி வராது. எல்லாம் எஃப் எழுத்தும் நீள எண்ணுமாக வந்தன. சில பாதிப் படங்கள், சாம்பல் பட்டையோடு. படத்துக்குள் கேமரா பதிந்த தேதியை வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து அடுக்கினேன். அப்புறம், அப்பா மாடியில் கீரைக்குத் தண்ணீர் ஊற்றும் படம் முழுசாக வந்தது. அம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.