ஸஹாபாக்கள் வரலாறு: புதுநகரத்தில் வாங்கிய மெமரி கார்டு

பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையில் உள்ள புதுநகரத்தின் கடைவீதியில், நபித்தோழர்களான ஸஹாபாக்களின் வரலாற்றைக் கூறும் தமிழ் உரைகள் அடங்கிய மெமரி கார்டு ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் மலையாளத்திலேயே படிக்கும் எங்கள் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு வீட்டு மொழியில் காதில் விழட்டும் என்றுதான் வாங்கினேன்.

நாற்பது உரைகளில், தாத்துர் ரிகா படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததைச் சொல்லும் ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும். கணவாயில் இரவுக் காவலுக்கு நின்ற இருவரில் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) உறங்க, அப்பாத் இப்னு பிஷ்ர் (ரலி) தொழுகையில் நிற்கிறார். இருளிலிருந்து வந்து தைத்த அம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓதுதலைத் தொடர்ந்த அவர், மூன்றாவது அம்புக்குப் பிறகே குனிந்து ருகூவும் நெற்றி தரையில் பட சுஜூதும் செய்து தோழரை எழுப்புகிறார். முதல் அம்பிலேயே எழுப்பியிருக்கக் கூடாதா என்று அம்மார் பதறிக் கேட்க, ஓதிக்கொண்டிருந்த சூராவை, அதாவது குர்ஆன் அத்தியாயத்தை, பாதியில் விட மனம் வரவில்லை என்றும், நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்த காவல் மட்டும் இல்லையென்றால் உயிரே போனாலும் நிறுத்தியிருக்க மாட்டேன் என்றும் பதில் வருகிறது. உரையாளர் குரலை உயர்த்தாமல் இதைச் சொன்னபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அடக்கம் எல்லா உரைகளிலும் இல்லை. கி.பி. 624இல் நடந்த பத்ருப் போரில் முஸ்லிம்களிடம் இருந்தவை இரண்டே குதிரைகள் என்று உரையாளர் சொல்லிக்கொண்டிருக்க, பின்னணியில் ஒரு லாயமே கனைக்கிறது. இஸ்லாத்தின் முதல் ஷஹீத் (உயிர்த்தியாகி) எனப் போற்றப்படும் சுமையா (ரலி) அவர்களுக்கோ மூன்று நிமிடங்கள்தாம் ஒதுக்கியிருக்கிறார்கள், அது பெருங்குறை.

உஹதுப் போரில் கொடி ஏந்தி நின்று கொல்லப்பட்ட முஸ்அப் இப்னு உமைர் (ரலி) பற்றிய உரை, தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும் அளவுக்குச் சிறியதாக இருந்த, உடலைப் போர்த்தி அடக்கம் செய்யும் கஃபன் துணியைச் சொல்லும் இடத்தில் அறுந்துவிடுகிறது. கால்களை இத்கிர் புல்லால் மூடினார்கள் என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லி முடித்தேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு கார்டு கொடுத்தார். அதுவும் அதே துணியில்தான் வந்து நிற்கிறது.