தகவல் உரிமை விண்ணப்பம்: ஊர் ஒப்பந்த வேலைகளைச் சரிபார்க்க எவ்வளவு உதவும்?

மட்டக்களப்பின் படுவான்கரையிலோ அம்பாறையின் திருக்கோவில் பக்கமோ கிராமத்து வீதி ஒன்றுக்குக் கொங்கிரீட் போடுகிறார்கள் என்றால், அந்த வேலை யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க ஊரவருக்கு வழி இருக்கிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபை, பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்), மாகாணத் திணைக்களம் எல்லாமே இதற்குள் வரும். அரச ஒப்பந்தங்களைக் கவனிக்கச் சாதாரண ஆளின் கையில் இதைவிட மலிவான, வலுவான வழி வேறு கிடையாது. ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

விண்ணப்பிப்பது இலகு. ஆர்.டி.ஐ. 01 படிவம் இருக்கிறது. சாதாரணக் கடிதமும் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். உறுப்பினரில் முக்கால்வாசிப் பேராவது இந்நாட்டுப் பிரஜைகளாக இருந்தால் கிராம அபிவிருத்திச் சங்கமோ கம்பனியோ கூட விண்ணப்பிக்கலாம். 2017இல் வந்த கட்டண விதிப்படி முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஏ4 போட்டோப் பிரதி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. கோப்பை நேரில் பார்ப்பதற்கு முதல் ஒரு மணித்தியாலம் இலவசம். தடித்த கோப்பு என்றால் முதலில் போய்ப் பார்த்து, வேண்டிய பக்கங்களை மட்டும் பிரதி கேட்பது நல்லது.

சறுக்குவது கேள்வியில்தான். “வீதி வேலை பற்றிய விபரம் தருக” என்று எழுதினால் வீதியின் பெயரும் மொத்தத் தொகையும் வரும், அவ்வளவுதான். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பொறியியல் மதிப்பீடு, விலைமனு திறந்த அன்றைய பதிவு, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, ஒப்பந்தத்தோடு உள்ள பி.ஓ.கியூ. (ஒவ்வொரு வேலையின் அளவும் விலையும் உள்ள பட்டியல்), அளவீட்டுத் தாள்கள், கொங்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் கியூப் சோதனையின் முடிவு, கொடுத்த பில்கள்.

அவை கைக்கு வந்தால் கணக்கு தானாகப் பேசும். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 100 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 30 கன மீற்றர் கொங்கிரீட். தடிப்பு 80 மில்லிமீற்றராக இருந்தால் 24தான். பில் 30க்குக் கொடுத்திருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்குப் பொதுப்பணம் சும்மா போயிருக்கிறது. ஓரத்தை அளந்து திருப்திப்படாதீர்கள். பலகை அடித்த ஓரம் சரியாக இருக்கும், நடுவில்தான் குறையும். அதற்குக் கோர் (நடுவில் துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) வெட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கியூப் சோதனையில் 28ஆம் நாள் முடிவு வந்த திகதியையும் பில் கொடுத்த திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவுக்கு முன்பே முழுப் பணமும் போயிருந்தால் கேள்வி கேட்கலாம்.

பகிரங்க விலைமனு இல்லாமல் சிலரிடம் மட்டும் கொட்டேஷன் (விலை) வாங்கிக் கொடுத்த சிறிய வேலை என்றால் மூன்று விலைகளின் பிரதியையும் கேளுங்கள். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் ஒரே வீதத்தில் கூடிய விலை என்று இருந்தால், மூன்றும் ஒரே கையால் நிரப்பியவை என்ற சந்தேகம் நியாயமானது. ஒரே வீதியைத் துண்டு துண்டாக்கி கொட்டேஷன் எல்லைக்குள் அடக்கியிருக்கிறார்களா என்பதை அந்த வருடப் பெறுகைத் திட்டம் (அலுவலகம் அந்த வருடம் கொடுக்கப்போகும் வேலைகளின் பட்டியல்) காட்டிவிடும். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வேலையானால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள்.

விலைமனுவில் தோற்ற ஒப்பந்தக்காரருக்கும் இது கைகொடுக்கும். தன் விலைமனு, அதோடு கொடுத்த பிணையின் செல்லுபடிக் காலம் போதாமல் தள்ளப்பட்டதா, கூட்டல் திருத்தத்தில் விலை ஏறியதா என்பது மதிப்பீட்டு அறிக்கையில் இருக்கும். “வர்த்தக இரகசியம்” என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டி மறுத்தால், விலைகள் திறந்த கூட்டத்திலேயே வாசிக்கப்பட்டவை என்று பதில் எழுதுங்கள். உண்மையில் இரகசியமான பகுதி இருந்தால் அதை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரச் சொல்கிறது 6ஆம் பிரிவு.

பெரிய குறை காலம். முடிவு சொல்ல 14 வேலை நாள், அதன்பின் தகவலைத் தர 14 நாள். நம் மாவட்டங்களில் நிதி பிந்தி வந்து, டிசம்பர் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மாரி மழைக்குள்ளேயே கொங்கிரீட் போடுகிறார்கள். அப்போது விண்ணப்பித்தால் பதில் வர வேலையும் முடிந்திருக்கும், பில்லும் போயிருக்கும். 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களைத் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. வேலை நடக்கும்போதும் புதிய விபரம் கேட்கலாம். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்பந்தம் எழுதிய கையோடு விண்ணப்பிப்பதே பயன் தரும். பி.ஓ.கியூ. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அங்கே மறுத்தது சரியென்று நிரூபிப்பது அலுவலகத்தின் பொறுப்பு, உங்களுடையதல்ல. திகதிகளை வைத்துத்தான் எல்லாம் நகரும் என்பதால் பதிவுத் தபால் சிட்டையையும், விண்ணப்பம் கிடைத்ததாக அலுவலகம் தரும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.