எந்தக் கேள்விக்கு எந்தக் கதவு? கல்லூரி ஆலோசனை வழிகள்: ஓர் ஒப்பீடு

“அடுத்த செமஸ்டரில் எந்தப் பாடங்களை எடுப்பது?” “இதே துறையில் மேற்படிப்புக்குப் போகலாமா?” “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே ஆளிடம் கேட்டுவிடும் மாணவர்கள்தான் அதிகம். பதிலும் ஒரே மூச்சில் வந்துவிடும். கோளாறு அங்கேதான் ஆரம்பம். முதலாவது விதிமுறைக் கேள்வி. விதிநூலில் விடை இருக்கிறது, சரி அல்லது தவறு என்று சொல்லிவிடலாம். இரண்டாவது கணிப்பு, மாணவரின் வேலையை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். மூன்றாவது நிலவரம், இன்று அந்த வேலையில் இருப்பவருக்குத்தான் தெரியும். மூன்றும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். கீழே உள்ள ஒப்பீடும் இந்தப் பிரிவை வைத்துத்தான்.

பேராசிரியரா, முழுநேர ஆலோசகரா?

பேராசிரியரின் பலம் அவருடைய பாடம். விடைத்தாளைத் திருத்தியவர் அவர். மாணவர் எங்கே தடுமாறுகிறார், எந்தக் கேள்விக்குக் கேட்காமலே இரண்டு பக்கம் கூடுதலாக எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரியும். மேற்படிப்பு, ஆய்வுக் குழு, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. கடிதம் கேட்பதானால் கடைசித் தேதிக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே கேட்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், விண்ணப்பக் கட்டுரையின் வரைவு, அவரிடம் செய்த புராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கம் ஆகியவற்றைக் கையோடு கொடுத்துவிடுவது நல்லது. இவை இல்லாமல் எழுதப்படும் கடிதத்தில் “நல்ல மாணவர், ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்” என்பதைத் தாண்டி எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட கடிதம் தேர்வுக் குழுவில் எதிர்மறையாகவே படிக்கப்படும்.

பலவீனங்கள் இரண்டு. அவர் படித்த காலத்துப் பாடத்திட்டம் வேறு. சட்டதிட்டங்கள் மாறியதை அவர் கவனித்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. ஆய்வுப் படிப்பை முடித்து, அந்தத் துறையில் இடமும் கிடைத்தவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார். முடித்தும் இடம் கிடைக்காதவர்கள் அந்த அறையில் இல்லை. அதனால் “போகலாம், பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர் சொன்னால், அதில் அவருடைய நல்வாய்ப்பும் கலந்திருக்கிறது.

முழுநேர ஆலோசகரின் நிலை நேர்மாறு. பாடத்தின் உள்ளடக்கம் அவருக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். ஆனால் எந்தப் படிவம், எந்தத் தேதி, எந்த விதிக்கு விலக்கு கிடைக்கும், யார் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். அவரால் கிடைக்கும் மிகப்பெரிய பயன் முன்தேவைப் பாடங்களின் சங்கிலியைச் சரிபார்ப்பது. பெரும்பாலான மாணவர்கள் ஏமாறும் இடமும் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு செமஸ்டர் படிப்பு. கணிதம்-1, கணிதம்-2, சிக்னல்கள், கட்டுப்பாட்டுப் பொறியியல், அதன்மேல் இரண்டு சிறப்புப் பாடங்கள் என ஆறு பாடங்கள் ஒன்றையடுத்து ஒன்று. ஒன்றில் தேர்ச்சி பெற்றால்தான் அடுத்ததில் சேர முடியும். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆறாவது செமஸ்டரில் சங்கிலி முடியும். கையிருப்பு இரண்டு செமஸ்டர். இரண்டாவது செமஸ்டரில் கணிதம்-2 தவறினால், அது மறுபடி வருவது நான்காவதில். சிக்னல்கள் ஐந்தாவதில், கடைசிச் சிறப்புப் பாடம் எட்டாவதில். தவறியது ஒரு பாடம், போனது இரண்டு செமஸ்டர், கையிருப்பு பூஜ்யம். இதற்குப்பின் சங்கிலியில் இன்னொரு பாடம் தவறினால் ஒரு வருடம் நீள்வது உறுதி. அதனால் கடினமான பாடத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்பதற்கு முன், அது சங்கிலியில் இருக்கிறதா, தனியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாக நிற்பதை எப்போது வேண்டுமானாலும் தள்ளலாம்.

செய்முறை எளிது. மீதமுள்ள பாடங்களை ஒரு தாளில் எழுதி, முன்தேவைகளை அம்புக்குறியால் இணைக்கவும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒற்றை, இரட்டை, இரண்டும் என்று எந்த செமஸ்டரில் வரும் என்பதைக் குறிக்கவும். மிக நீளமான சங்கிலி முடிய எத்தனை செமஸ்டர் வேண்டும் என்று எண்ணி, மீதமுள்ள செமஸ்டர்களிலிருந்து கழிக்கவும். விடை ஒன்றோ அதற்குக் குறைவோ என்றால் அந்தத் தாளோடு ஆலோசகரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. எந்த ஆண்டின் விதிநூல் தனக்குப் பொருந்தும் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். சேர்ந்த ஆண்டின் விதிதான் பொதுவாகச் செல்லும். படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பியவருக்கும் துறை மாறியவருக்கும் அது மாறக்கூடும்.

முழுநேர ஆலோசகரின் பலவீனம் நேரம். அமெரிக்க ஆலோசகர் சங்கமான நகாடா 2011இல் நடத்திய கணக்கெடுப்பில் ஒரு முழுநேர ஆலோசகருக்கு இடைநிலையாக, அதாவது எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு, 296 மாணவர்கள். முந்நூறு என்றே வைத்துக்கொண்டாலும், பாடப் பதிவுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அவரிடம் இருப்பது எண்பது மணி நேரம். எல்லோரும் அப்போதே வந்தால் ஆளுக்குப் பதினாறு நிமிடம். அதில் கோப்பைத் திறக்கவே மூன்று நிமிடம் போகும். அதே ஆளை செமஸ்டரின் நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில் பார்த்தால் அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டத்தைப் பார்க்கலாம். அதன் இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளில் நடந்த சோதனையில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான், சந்திப்பும் கட்டாயம். திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குள் பட்டயம் முடித்தார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம். ஆனால் முழுப் பெருமையையும் ஆலோசனைக்கே கொடுத்துவிட முடியாது. கட்டணச் சலுகை, பாடநூல், பயண அட்டை ஆகியவையும் அதோடு சேர்ந்தே வந்தன.

யாரிடம் பேசினாலும் ஒரு பழக்கம் அவசியம். “இன்று பேசியதை நான் புரிந்துகொண்டது இப்படி, தவறிருந்தால் திருத்தவும்” என்று அன்றே நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். வாய்மொழி அனுமதி, அதைச் சொன்னவர் வேறு வேலைக்குப் போகும் நாளோடு முடிந்துவிடும்.

மூத்த மாணவர்

விதி கேட்கவோ வாழ்க்கை முடிவு கேட்கவோ ஏற்ற ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது: எந்தப் பாடம் எத்தனை மணி நேரத்தை விழுங்கும் என்பது. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது செமஸ்டருக்கு 750 முதல் 900 மணி. இருபது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 37.5 முதல் 45 மணி நேரம். இது காகிதக் கணக்கு. ஒரே கிரெடிட் உள்ள இரண்டு பாடங்களில் ஒன்று லேப் ரெக்கார்டு எழுதியே வார இறுதியைத் தின்றுவிடும், இன்னொன்று தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அடங்கிவிடும் என்பதை எந்த விதிநூலும் சொல்லாது. பகுதிநேர வேலையும் பார்ப்பவருக்கு இந்தத் தகவல் தங்கம்.

கேட்கும் விதம் முக்கியம். “எடுக்கலாமா?” என்றால் அவருடைய மதிப்பெண் பேசும். “வாரத்துக்கு எத்தனை மணி ஆச்சு? எந்த வாரத்தில் மூச்சுத் திணறியது?” என்றால் தகவல் வரும். ஒருவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. நன்றாக எழுதியவர், தட்டுத் தடுமாறித் தேறியவர், பாதியில் விட்டவர் என மூவரிடம் கேட்க வேண்டும். பாதியில் விட்டவரை யாரும் கேட்பதே இல்லை. அவருக்குத்தான் பள்ளம் இருக்கும் இடம் தெரியும்.

வேலைவாய்ப்பு மையமா, வேலையில் இருப்பவரா?

ரெஸ்யூமேவைச் செப்பனிட, மாதிரி நேர்காணல் நடத்த, நிறுவனங்கள் வரும் தேதியை அறிய வேலைவாய்ப்பு மையமே போதும். எந்தத் துறை தனக்கு ஏற்றது என்ற கேள்வியோடு அங்கே போனால்தான் சறுக்கும். மையத்தின் திறமையை அளப்பது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற ஒற்றை எண்ணை வைத்து. அதனால் மொத்தமாக ஆள் எடுக்கும் நிறுவனங்களின் பக்கமே அது இயல்பாகச் சாயும். ஆண்டுக்கு ஒருவரை எடுக்கும் சிறிய ஆய்வகம் அதன் கண்ணில் படாது. மையத்தில் இருப்பவர்களின் குற்றமல்ல இது, அளவுகோலின் குற்றம்.

அந்த ஒற்றை எண்ணையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் 200 பேர். பதிவு செய்யத் தகுதி பெற்றவர்கள் 120. அவர்களில் 108 பேருக்கு வேலை. விளம்பரத்தில் வருவது 90 சதவீதம்; வகுப்பை முழுதாக எடுத்தால் 54. ஒருவர் மூன்று ஆஃபர் வாங்கினால் அதை மூன்றாக எண்ணும் வழக்கமும் உண்டு. சம்பளத்தில் சராசரியைக் கேட்காமல் இடைநிலையைக் கேட்க வேண்டும். ஒரே ஒருவருக்குக் கிடைத்த மிகப்பெரிய தொகை சராசரியைத் தூக்கிவிடும், நடுவில் நிற்பவரின் சம்பளத்தை அசைக்காது. வகுத்த எண் எது, எண்ணியது ஆட்களையா ஆஃபர்களையா, இடைநிலை எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் சொல்லும் மையத்தை நம்பலாம்.

நிலவரம் தெரிய, படிப்பை முடித்து இரண்டு முதல் ஐந்து வருடமான முன்னாள் மாணவர்களே சிறந்தவர்கள். இருபது வருடம் ஆனவர் நுழைந்த கதவு இப்போது இருக்காது. அறிமுகம் ஆழமாக இருக்க வேண்டியதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்த ஆளை அடிக்கடி பார்ப்பவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதுச் செய்தி வெளிவட்டத்திலிருந்து வருகிறது.

இருபது நிமிடம் கேட்டால் போதும். வேலை கேட்கக் கூடாது. கேட்ட நொடியில் பேச்சு மூடிக்கொள்ளும். “நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?”, “இந்த வேலையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்?”, “படிக்கும்போது கற்றதில் இப்போது பயன்படுவது எது?” இந்த மூன்றும் முக்கியம். இரண்டாவதில்தான் உண்மை வரும். மூன்று பேரிடமாவது பேசிய பிறகே ஒரு துறையைப் பட்டியலில் சேர்ப்பதோ நீக்குவதோ நல்லது.

தேர்வுகளும் மென்பொருளும்

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு வகை ஆர்வக் கோட்பாட்டின் மேல் கட்டப்பட்ட தேர்வுகள் பல உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் உள்ள அத்தகைய தேர்வின் 60 கேள்விச் சிறுவடிவம் இலவசம். இவை அளப்பது ஆர்வத்தை, திறமையை அல்ல. அதிக மதிப்பெண் எது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடக் கூடாது. மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் இடைவெளி குறைவாக இருந்தால் அந்த முடிவில் சாறு இல்லை. ஆளுமையைப் பெட்டிகளாகப் பிரிக்கும் தேர்வுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் வேறு பெட்டியில் விழக்கூடும்.

பட்டத் தேவைகளைச் சரிபார்க்கும் மென்பொருள் எண்ணிக்கையில் தவறாது. வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவந்த கிரெடிட்டிலும் மாற்றுப் பாடத்திலும் தடுமாறும். ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் 800 அபாய அறிகுறிகளைக் கணினியால் கண்காணிக்கிறது என்று பலர் மேற்கோள் காட்டுவார்கள். அந்த எச்சரிக்கையைப் பார்த்து மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவதற்காகவே ஆலோசகர்களைப் புதிதாக நியமித்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் மாதிரி நேர்காணலுக்கும் கேள்விப் பட்டியல் தயாரிக்கவும் நல்ல துணை. உங்கள் கல்லூரியின் விதியை மட்டும் அவற்றிடம் கேட்க வேண்டாம். இல்லாத பாடக் குறியீட்டையும் தயங்காமல் சொல்லிவிடும்.

கட்டண ஆலோசகரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: “என்னைத் தவிர வேறு யார் உங்களுக்குப் பணம் தருகிறார்கள்?” சேர்க்கைக்குக் கமிஷன் தரும் கல்லூரி ஒன்று இருந்தால், அவர் நீட்டும் பட்டியலில் அதுதான் முதலில் வரும்.

இரண்டுக்குத்தான் நேரம் என்றால்

செமஸ்டரின் நான்காவது வாரத்தில் முழுநேர ஆலோசகர். விடுமுறையில் முன்னாள் மாணவர்கள் மூவர். முழுநேர ஆலோசகரே இல்லாத கல்லூரி என்றால், விதிகளுக்குத் துறை அலுவலகத்தில் கோப்பைக் கையாளும் எழுத்தரைப் பிடிப்பதே மேல். பேராசிரியரும் கடைசியில் அவரிடம்தான் கேட்பார். ஆர்வத் தேர்வைக் கடைசிக்கு வைக்கலாம். மேற்படிப்பு எண்ணம் உள்ளவர் மட்டும் பேராசிரியரை முதலிடத்துக்குக் கொண்டுவரட்டும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், விதி சம்பந்தப்பட்டதாக இருந்தால் இருவரிடமும் பிரிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். கணிப்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் முடிவு எடுக்காமல் சிறிய அளவில் செய்து பார்க்கலாம்: ஒரு விருப்பப் பாடம், ஆறு வார இன்டர்ன்ஷிப், துறை மாற்றத்துக்கான கடைசித் தேதிக்கு முன்பே முடிகிற மாதிரி.