தூண்டிலும் 52 தியான அட்டைகளும்: ஒரு பரிசுப் பெட்டியின் மதிப்பீடு

மீன்பிடிப்பில் பைத்தியமாக இருக்கும் கிறிஸ்தவருக்கு என்ன பரிசு கொடுப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்களை நம்பியே இந்தப் பெட்டி சந்தைக்கு வந்திருக்கிறது. இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய ஏழடிக் கோல், 2500 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல், அதில் ஏற்கெனவே சுற்றப்பட்ட நைலான் நரம்பு, தூண்டில் முட்கள், ஈயக்குண்டுகள், சில செயற்கை இரைகள், ஒரு குறடு. இவற்றோடு வாரத்துக்கு ஒன்றாக 52 தியான அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் மேலே ஒரு வசனம், நடுவில் மீன்பிடிப்பிலிருந்து எடுத்த வாழ்க்கைப் பாடம், அடியில் இரண்டு வரி ஜெபம். மூடியின் உட்புறத்தில் "என் பின்னே வாருங்கள், உங்களை மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன்" என்று பொன்னிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள். என் மகள் வாங்கிக் கொடுத்தாள். ஒரு பருவம் முழுக்க ஏரியிலும் ஆற்றிலும் புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த கையோடு ஐந்து நட்சத்திரம் போடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

முதலில் கருவி. கோல் நன்றாகவே இருக்கிறது. நடுத்தர விறைப்பு, நுனி மட்டும் இளக்கம். சின்ன மீன் இரையை முகர்ந்தாலும் விரலுக்குச் செய்தி வந்துவிடுகிறது. துண்டுகள் சேரும் மூட்டு எத்தனை வீச்சுக்கும் தளரவில்லை. நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை நுழைத்து இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் இழை மாட்டவில்லை. ரீலும் பரவாயில்லை, சுற்றும்போது லேசாக உறுமுகிறது, அவ்வளவுதான். ஆனால் தொழிற்சாலையில் சுற்றி அனுப்பிய நரம்பை முதல் நாளே உருவி எறிந்துவிடுங்கள். நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் விளிம்பு வரை திணித்திருக்கிறார்கள். விளிம்புக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டராவது இடம் விட வேண்டும். விடாவிட்டால் வீசிய மறுகணம் சுருள் சுருளாகச் சரிந்து விழுந்து சிக்காகும். அதோடு, பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்ததால் நரம்பு ஸ்பூலின் வட்டத்தை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. தண்ணீரில் விழுந்த பிறகும் நிமிர மறுக்கிறது.

செயற்கை இரைகளுக்குப் பூசிய வர்ணம் மீன்களுக்காக அல்ல, வாங்குகிறவர்களுக்காக. மேலே போகலாம்.

அட்டைகளுக்கு வருகிறேன்; இந்தப் பெட்டியை மற்றப் பெட்டிகளிலிருந்து வேறுபடுத்துவது அவைதான். படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்தது: இவற்றை இரண்டு பேர் எழுதியிருக்க வேண்டும். ஒருவர் கை நனைத்தவர். மற்றவர் மேசையை விட்டு எழுந்ததே இல்லை.

கை நனைத்தவர் எழுதியதில் மிகச் சிறந்தது டிராக் பற்றிய அட்டை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரீலில் டிராக் என்று ஒரு பிடிமானம் உண்டு. மீன் ஒரு குறிப்பிட்ட பலத்துக்கு மேல் இழுத்தால் ஸ்பூல் தானாகச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். நரம்பு அறுபடும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதை வைப்பது வழக்கம். கூடுதலாக இறுக்கினால் பெரிய மீன் முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போய்விடும். முழுக்கத் தளர்த்தினால் முள் வாயில் பதியவே பதியாது. அட்டையில் 1 கொரிந்தியர் 10:13 இருக்கிறது: திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார், சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் உண்டாக்குவார் என்ற வசனம். பொருத்தம் அருமை. அதற்கு அடுத்து எழுதியிருப்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதே என்கிறது அட்டை. மீன் ஓடும்போது சுற்றினால் ஒரு விரற்கடை நரம்பும் உள்ளே வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பு முறுக்கேறும், அவ்வளவுதான். மீன் நின்ற பிறகு கோலை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்ற வேண்டும். கோபித்துக்கொண்டு வெளியேறுகிற மகனின் முதுகைப் பார்த்து உபதேசம் செய்யும் தகப்பன்மாருக்கு இதை விடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நான் சபையில் மூப்பனாக இருப்பவன். இந்த அட்டையைப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டிய வீடுகள் எனக்குத் தெரியும்.

முடிச்சு பற்றிய அட்டையும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, ஐந்தாறு முறுக்கு முறுக்கி, நுனியைத் திரும்ப நுழைத்து இழுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனை என்கிறது. நனைக்காமல் இழுத்தால் நைலான் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் இழக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும்: ஈரமாக இறுகிய முடிச்சு கண்ணாடிபோல் தெளிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கி உட்காரும், காய்ந்து இறுகியதில் நரம்பு வெளுத்துச் சுருண்டிருக்கும். அவசரமாகக் கொடுத்த வாக்குகள் எங்கே அறுகின்றன என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறார். விளக்கவில்லை. விளக்காமல் விட்டதே நல்லது.

இப்போது மேசைக்காரர். "மீனுக்கு ஏற்ற இரையைத் தேர்ந்தெடு" என்று ஓர் அட்டை. விசுவாசியாத நண்பனுக்கு எது பிடிக்கும் என்று கண்டறி, அதைக் கொண்டு நெருங்கு, நம்பிக்கை வந்ததும் சுவிசேஷத்தைச் சொல். இரை மென்மையாக இருக்கட்டும், முள் வெளியே தெரியக் கூடாது. இதே சொற்கள் இல்லை, சாரம் இதுதான். என்னோடு பல ஆண்டுகளாகக் கரையில் உட்காருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார்; கோவிலுக்குப் போகிறவர். மீன் கடிக்காத ஒரு மதியத்தில் பொழுது போகாமல் அட்டைக்கட்டைப் புரட்டியவர் இந்த அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, "அப்படியானால் இத்தனை காலமாக எனக்கு நீ போட்ட இரை எது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இருந்தாலும், அந்த அட்டை அவர் கைக்குப் போயிருக்கக் கூடாது என்பதை விட, அச்சேறியே இருக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வேதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிசேஷங்களில் தூண்டில் வருவது ஒரே ஓர் இடத்தில். மத்தேயு 17-இல், ஆலய வரிப்பணத்துக்காகப் பேதுருவைக் கடலுக்கு அனுப்பி, முதலில் அகப்படும் மீனின் வாயைத் திறந்துபார் என்கிறார் ஆண்டவர். அங்கே மனுஷரைப் பிடிக்கிற பேச்சே இல்லை. வரி கட்டுகிற பேச்சு. மற்ற எல்லா இடத்திலும் வலை. வலையில் இரை கிடையாது, ஏமாற்று கிடையாது. இரையும் சிக்குதலும் யாருக்கு என்று யாக்கோபு 1:14 சொல்கிறது: அவனவன் தன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான். அந்த வசனத்தில் நாம் தூண்டில்காரர் அல்ல, மீன். முள்ளை மறைக்கிற வேலை எதிராளியான சாத்தானுடையது. அதை நற்செய்திப் பணிக்கான உத்தியாகச் சொல்லிக்கொடுக்கும் அட்டையை ஒரு சபைக் கடை எப்படித்தான் பரிசோதிக்காமல் அடுக்கில் வைத்ததோ.

வேறு ஓர் அட்டையில் பேதுருவின் படம். தொப்பி, தாடி, கையில் ரீல் பொருத்திய கோல்! தனியாக ஒரு பாறைமேல் நிற்கிறார். சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான், ஆனால் பிழை படத்தோடு நிற்கவில்லை, பாடத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. கலிலேயாக் கடல் என்பது 21 கிலோமீட்டர் நீளமும் அகன்ற இடத்தில் 13 கிலோமீட்டருமான நன்னீர் ஏரி. 1986-இல் வறட்சியால் அதன் நீர் இறங்கியபோது சேற்றுக்குள்ளிருந்து முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மரப்படகு ஒன்று கிடைத்தது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 2.3 மீட்டர் அகலம். ஒற்றை ஆள் ஓட்டுகிற தோணி அல்ல அது. லூக்கா 5-இல் வலை கிழியத் தொடங்கியதும் மற்றப் படவிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டுகிறார்கள். மத்தேயு 4-இல் செபெதேயுவும் மகன்களும் சேர்ந்து உட்கார்ந்து வலையைப் பழுதுபார்க்கிறார்கள். மனுஷரைப் பிடிக்கும் அழைப்பு போனது ஒரு கூட்டத்துக்கு; இரவெல்லாம் சேர்ந்து துடுப்புப் போட்டு, காலையில் சேர்ந்து வலை அலசியவர்களுக்கு. அந்த மத்தேயுவின் 13-ஆம் அதிகாரத்தில் வலை சகலவிதமானவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது. பொல்லாதவர்களைப் பிரிக்கும் வேலை உலகத்தின் முடிவில் தேவதூதர்களுக்கு. தூண்டில்காரனோ எந்த மீன் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து அதற்கு மட்டும் முள் கட்டுகிறவன்.

தூண்டிலிலிருந்து பாடம் கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை. கற்றிருக்கிறேன். காத்திருப்பு, விட்டுக்கொடுப்பு, சோதனை, தனிமையில் வாய் மூடியிருப்பது ஆகியவற்றைக் கோல் சொல்லித்தரும். எல்லாம் கோலைப் பிடித்திருக்கிறவனுக்கான பாடம். அடுத்தவனை எப்படி அணுகுவது என்பதைக் கற்க வலையிடம் போக வேண்டும். மேசைக்காரர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டார்.

லூக்கா 5-ஐ வைத்து எழுதிய இன்னோர் அட்டைக்கு "ஆழத்தில் போடு, ஆசீர்வாதம் நிரம்பும்" என்று தலைப்பு. தொழிலில் துணிந்து முதலிடுவது பற்றிப் போகிறது. "இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்ற வரை மேற்கோள் காட்டி, இரண்டு படவும் நிறைந்ததோடு முடித்துவிடுகிறார்கள். இன்னும் நாலு வசனம் படித்திருக்கலாம். படவுகளைக் கரையில் இழுத்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டு அவரைப் பின்பற்றிப் போனார்கள் என்று 11-ஆம் வசனம் சொல்கிறது. வாழ்நாளில் காணாத மீன்பாடு கிடைத்த அன்றைக்கே தொழிலை விட்டவர்களை, தொழில் பெருகும் உபாயத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது துணிச்சல்தான்.

படைப்பைப் பராமரிப்பது பற்றிய அட்டை கை நனைத்தவருடையது. மீனைத் தொடும் முன் கையை நனை, காய்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிடும், நோய் தொற்றும் என்கிறது. மீன் நழுவாமல் பிடிக்கும் முள்ளின் எதிர்நாக்கைக் குறடால் நசுக்கிவிட்டால் விடுவிப்பது எளிது என்றும் சொல்கிறது. செய்து பார்த்தேன், முள் ஒரு திருப்பில் வந்துவிடுகிறது, மீனும் பிழைக்கிறது. நரம்பை மட்டும் தளரவிடக் கூடாது. ஆனால் அதே பெட்டியின் பக்கத்து அறையில் ஈயக்குண்டுகள்! நீர்ப்பறவைகள் அவற்றைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. பிரிட்டனில் 1987-லேயே இந்த அளவிலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். டங்ஸ்டன் குண்டுகள் கிடைக்கின்றன. பராமரிப்பு பற்றி அட்டை எழுதியவரும் பெட்டியை நிரப்பியவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை போலும்.

இல்லாமற்போன அட்டைகளும் உண்டு. ஆபகூக் 1:16-ஐக் காணோம். தன் பங்கு கொழுத்ததென்று தன் வலைக்கே பலியிட்டு, தன் பறிக்குத் தூபங்காட்டுகிறவனைப் பற்றிய வசனம் அது. புது ரீலைத் துணி போட்டுத் துடைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிற எங்கள் கூட்டத்துக்கு அதை விட அவசியமான வசனம் வேறில்லை. கருவி விற்கிற பெட்டிக்குள் அதை வைக்க யாருக்கு மனம் வரும் என்பது வேறு விஷயம். யோவான் 21-இல் 153 மீன் அகப்பட்டதை வைத்து ஓர் அட்டை உண்டு. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிற ஆர்வத்தில், கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டவரை விட்டுவிட்டார்கள். இவர்கள் மீன் கொண்டுவருமுன்பே அவரிடம் மீன் இருந்தது.

அச்சைப் பற்றி: எழுத்து பெரியது, என் கண்ணுக்கு வசதி. அட்டை மட்டமான தாள். ஈரக்கை பட்டால் ஓரம் உப்பி, பின் பிளந்துகொள்கிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் படிக்கவென்று விற்கிற பொருளுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாவது போட்டிருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்குக் கொடுப்பதானால் கோலுக்காகவே வாங்கலாம். நரம்பையும் குண்டுகளையும் மாற்றிக் கொடுங்கள், இரை அட்டையை உருவிவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே கோல் வைத்திருப்பவருக்கு இது வேண்டாம். அட்டைகள் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பெட்டியோடு மட்டுமே கொடுப்போம் என்று பதில் வந்தது. கூடவே அடுத்த ஆண்டுப் பதிப்பில் கூடுதலாக ஒரு டஜன் செயற்கை இரைகள் சேர்க்கப்போவதாகவும் எழுதியிருந்தார்கள்.