வாரிசு இல்லாதவருக்கும் ஒரு பக்கம்: ஃபேமிலிசர்ச் பற்றி

பொறையாறு பக்கத்துக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிப் பழகிய கண்ணோடுதான் ஃபேமிலிசர்ச் என்ற இணையச் சேவையைப் பார்த்தேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னோரைத் தேடவும் அவர்களைப் பற்றித் தெரிந்ததைப் பத்திரப்படுத்தவும் காசு வாங்காமல் உதவுவதில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் காணவில்லை. இருபது வயதில் கண்மூடியவருக்கும் தொண்ணூறு வயது வாழ்ந்தவருக்கும் இங்கே ஒரே அளவு இடம் தருகிறார்கள். அதுதான் என்னை ஈர்த்தது.

இதை நடத்துவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபை. 1894-இல் ஒரு வம்சாவளி ஆய்வுச் சங்கமாகத் தொடங்கி, 1938 முதல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருளில் படமெடுத்தார்கள். சால்ட் லேக் நகருக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து அந்தச் சுருள்களை வைத்திருக்கிறார்கள். சுமார் 24 லட்சம் சுருள்கள். அவற்றை மின்வடிவமாக்கும் வேலை 2021-இல் முடிந்தது. ஏன் இவ்வளவு பாடு? குடும்பம் மரணத்துக்குப் பிறகும் பிரிவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் நின்று ஞானஸ்நானம் பெறுவது அவர்கள் வழக்கம். அதற்குப் பெயரும் தேதியும் உறவும் தேவை. ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு இது விளங்காத விஷயமில்லை. தம் சொந்த முன்னோருக்கும் உறவினருக்கும் மட்டுமே அந்தச் சடங்கைச் செய்யலாம் என்று உறுப்பினர்களுக்கு விதி வைத்திருக்கிறார்கள். இந்த நோக்கத்தில் ஒப்புதல் இல்லாதவர்கள் தங்கள் குடும்பப் பெயர்களைச் சேர்க்கும் முன் யோசித்துக்கொள்ள வேண்டும். நான் யோசித்துத்தான் சேர்த்தேன்.

சேவை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவர்கள் மக்களில் ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொண்டேன். ஐரா ஹிங்க்லி 1828-இல் கனடாவில் பிறந்தவர். இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் மார்மன்கள் குடியேறியிருந்த காலத்தில் அங்கே வளர்ந்தார். 1844-இல் அவர்களுடைய தலைவர் ஜோசஃப் ஸ்மித் கொல்லப்பட்டார். 1846 முதல் அந்த மக்கள் ஊரை விட்டு மேற்கே கிளம்பினார்கள். முதல் கூட்டம் 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. 1869-இல் ரயில் பாதை முடியும்வரை சுமார் எழுபதாயிரம் பேர் மாட்டு வண்டியிலும் கைவண்டியிலும் கால்நடையாகவும் அந்தச் சமவெளியைக் கடந்தார்கள். 1850 கோடையில் ஐராவும் வண்டி கட்டினார். அப்போது அவருக்கு 21 வயது. மனைவி எலைசா ஜேன், கைக்குழந்தை, சகோதர முறையான ஒருவர் ஆகியோர் உடன் வந்தார்கள். வழியில் காலரா. மனைவியும் அந்தச் சகோதரரும் ஒரே நாளில் இறந்தார்கள். ஐரா தன் கையாலேயே குழி வெட்டி இருவரையும் அடக்கம் செய்துவிட்டு, பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மிச்சப் பயணத்தையும் முடித்தார்.

அந்த ஆண்டுகளில், அவர்கள் மேற்கே போன பிளாட் ஆற்றோரப் பாதையில் காலரா பலரை வாரிக்கொண்டு போனது. முகாம் போடும் இடத்திலேயே கழிவும் குடிநீர்க் குழியும் இருந்ததுதான் காரணம். தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ லண்டனில் காட்டியது 1854-இல். கங்கைக் கழிமுகத்திலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய நோய் அது. நம் பக்கத்துப் பெரியவர்கள் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கிய அதே நோய், அந்தப் புல்வெளியில் ஓர் இளம் தாயைக் கொன்றிருக்கிறது என்று படித்தபோது எனக்கு மனம் தாங்கவில்லை.

ஐரா பிறகு மறுமணம் செய்து, 1867-இல் எரிமலைக் கல்லால் கோவ் கோட்டையைக் கட்டினார். யூட்டாவில் அது இன்றும் நிற்கிறது. அவருடைய பேரன் கோர்டன் ஹிங்க்லி 1995 முதல் 2008 வரை அந்தத் திருச்சபைக்கே தலைவராக இருந்தார். வம்சம் தழைத்தவருக்குப் பெயர் நிற்பது இயல்பு. எலைசா ஜேன் போன்றவர்களுக்குத்தான் பதிவேடு தேவை.

இனி அலுவலராகப் பேசுகிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனி எண், ஒரு பக்கம். அதில் ஆதாரங்களுக்கு ஒரு பகுதி. புகைப்படம், கடிதம், குரல் பதிவு முதலியவற்றுக்கு இன்னொரு பகுதி. எதையாவது மாற்றினால் ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டு ஒரு பெட்டி வரும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற பட்டியலும் அழியாமல் இருக்கும். 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு எங்களுக்குச் சொன்னதும் இதைத்தான்: மூலப் பதிவில் கை வைக்காதே, ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி இடு. இந்த ஒழுங்கைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் உலகத்துக்கே ஒரே வம்ச மரம் என்பதால், நீங்கள் எழுதியதை வேறொருவர் திருத்த முடியும். உங்கள் குடும்பத்தாரின் பக்கங்களைப் பின்தொடரும் வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள். மாற்றம் நடந்தால் தகவல் வரும். உயிரோடிருப்பவர்களின் விவரம் பொதுவில் தெரியாது. சில ஆவணப் படங்களை அவர்களுடைய மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோதான் பார்க்க முடியும்.

டெல்டாக்காரருக்கு இதில் என்ன கிடைக்கும்? தேடினால் உடனே பாட்டன் பெயர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தியா சம்பந்தமாக இருப்பவற்றில் பெரும்பகுதி தேவாலய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகள். ஹரித்வாரில் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்களின் யாத்திரைக் கணக்குகளும் உண்டு. தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற அதே டென்மார்க்கில், 1850-இல் மார்மன் போதகர்கள் இறங்கி, ஆயிரக்கணக்கானவர்களை யூட்டாவுக்கு அழைத்துப் போனார்கள். அந்த நாட்டுத் தேவாலயப் பதிவேடுகள் வரிசையாகக் கிடைக்கின்றன. நம் விவசாயக் குடும்பங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நாமாகத்தான் எழுத வேண்டும்.

நான் முதலில் எழுதியது என் அத்தையை. அப்பாவின் தங்கை, முதல் பிரசவத்தில் போனவர், பிள்ளையும் தங்கவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை, குடும்ப அட்டைக் காலத்துக்கு முன்பே போய்விட்டார். கிடைத்த ஒரே தாள் அவருடைய ஜாதகம். மஞ்சள் தடவிய மூலை பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, "பவ வருஷம் ஆவணி" என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. அது 1934. இறந்தது எப்போது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "புயல் அடித்ததே, அதற்கு மறு தை, தம்பி" என்றார். நாகப்பட்டினத்தை அடித்த புயல் 1952 நவம்பர் 30. ஆக 1953 தை. பதினெட்டு முடிந்து பத்தொன்பது நடந்துகொண்டிருந்த வயது. ஆதாரப் பெட்டியில் ஜாதகத்தின் படத்தை ஏற்றினேன். காரணப் பெட்டியில் பெரியப்பா சொன்னதை அப்படியே எழுதினேன். அவர் குரலையும் பதிந்து சேர்த்துவிட்டேன். தேதி உறுதியில்லாவிட்டால் சுமார் என்று போடலாம். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட நமக்கு அது போதும்.

தொடங்குகிறவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்காரும் முன்பு வீட்டுப் பரணிலுள்ள ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், பழைய பத்திரங்கள் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எண்பது கடந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் இந்த வாரமே போங்கள். பெயர் கேட்கும்போது, குழந்தையிலேயே இறந்தவர்கள், கல்யாணமாகாமல் இறந்தவர்கள் யார் யார் என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.